பழைய கேரவனில் உள்ள வினைல் ஸ்டிக்கர்களை எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறர் பயன்படுத்திய கேரவனையோ (காரில் கட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) மோட்டார்ஹோமையோ (தானே ஓடும் நடமாடும் வீடு) வாங்கியவர்களின் கண்ணை முதலில் உறுத்துவது பக்கவாட்டில் ஓடும் அந்த வண்ணப் பட்டைகள்தான். வெளுத்து, வெடித்து, ஓரம் சுருண்டு, நல்ல வண்டியையும் கைவிடப்பட்டது போலக் காட்டும். என் வண்டியில் இரண்டு பக்கமும் பின்புறமும் இருந்தவற்றை நானே உரித்து முடித்தேன். அதன் பிறகு என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

இது ஸ்டிக்கரா பெயிண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணை மூடிக்கொண்டு பட்டையின் ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு சின்னப் படியில் தட்டி நின்றால் பெரும்பாலும் ஸ்டிக்கர். வழுவழுவென்று ஓடினால் பெயிண்ட்.

ஒரு மூன்றாவது வகையும் உண்டு, ஏமாந்துவிடக் கூடாது. சில வண்டிகளில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட் அடித்திருப்பார்கள். படி லேசாகத் தெரியும், ஆனால் அதன் மேல் ஒரே பளபளப்பு தொடர்ந்து ஓடும். இதை உரிக்க முடியாது. இழுத்தால் சுற்றியுள்ள கிளியர் கோட்டும் செதில் செதிலாகக் கையோடு வரும். தேய்த்து எடுத்து மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி, அது பெயிண்டரின் வேலை.

ஒரே வண்டியில் ஒரு பக்கம் சுலபமாக வருகிறது, மறுபக்கம் தூளாக உதிர்கிறது. ஏன்?

வெயில்தான் காரணம். வினைல் என்பது பிவிசி. இயல்பில் அது விறைப்பான பிளாஸ்டிக். அதில் கலந்துள்ள பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருள்தான் அதை வளையவும் இழுபடவும் வைக்கிறது. வெயிலும் சூடும் ஆண்டுக்கணக்கில் படும்போது அந்தப் பொருள் வெளியேறிவிடும். புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கையே சிதைக்கும். படலம் சுருங்கும், விறைக்கும், வறண்ட குளத்துச் சேறு போல வெடிக்கும்.

வண்டி எந்தப் பக்கம் வெயிலைப் பார்த்து நின்றதோ அந்தப் பக்கம் இப்படி ஆகியிருக்கும். நிழல் பக்கத்து ஸ்டிக்கர் இன்னும் தோல் போல முழுசாக உரியலாம். அதனால் நிழல் பக்கத்தில் தொடங்குங்கள். கை பழகும், மனமும் தளராது.

ஸ்டிக்கரின் தரமும் சேர்ந்துகொள்ளும். வார்ப்பு முறையில் செய்த நல்ல வினைல் 0.05 மில்லிமீட்டர் அளவே இருக்கும், ஆனால் சுருங்காமல் நிலைத்து நிற்கும். உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்துச் செய்த மலிவான வகை அதைவிடத் தடிமன், ஆனால் சீக்கிரம் சுருங்கும். ஸ்டிக்கரைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதா? படலம் சுருங்கியதால் வெளியே தெரிந்த பசையில் அழுக்கு ஒட்டிய தடம் அது.

உரிக்கத் தொடங்கும் முன் வண்டியின் வெளிச்சுவர் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டுமா, அது அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஸ்டிக்கர் போனால் இன்னொன்று ஒட்டிக்கொள்ளலாம். சுவரின் மேல்தோல் போனால் அதை மீட்பது பெரும் செலவு, பெரும் பாடு. எவ்வளவு சூடு, எந்தத் திரவம், எந்தக் கருவி என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை சுவரைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பல கேரவன்களின் பக்கச் சுவர் ஃபைபர்கிளாஸ். அதன் மேல் ஜெல்கோட் என்ற நிறமேறிய பிசின் படலம், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இது ஓரளவு தாங்கும். முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்த மோட்டார்ஹோம்களில் மேலே இருப்பது கிளியர் கோட், தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. பழைய இழுவை வண்டிகள் பலவற்றில் வரிவரியாக மடிந்த அலுமினியத் தகடு, அதன் மேல் மெல்லிய பெயிண்ட். மூன்றிலும் இந்தக் கடைசி வகையில்தான் அதிகக் கவனம் வேண்டும். சில இடங்களில் பெயிண்டைவிடப் பசையின் பிடி பலமாக இருக்கும். ஸ்டிக்கரை இழுத்தால் வெள்ளித் தகடு தெரியும்.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் அலுமினியத்திலும் ஒட்டாது, ஃபைபரிலும் ஒட்டாது. விரலால் தட்டிப் பாருங்கள். தகடு கணீரென்று பேசும், ஃபைபர் மந்தமாகப் பேசும்.

தட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபைபர் சுவர் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் அடுக்குகள் பிரிந்து சுவர் உப்பும். உள்ளங்கையால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய் வரும். அங்கே சூடு காட்டாதீர்கள், பலமாக இழுக்காதீர்கள். முதலில் கசிவை அடைக்க வேண்டும், ஸ்டிக்கர் காத்திருக்கட்டும்.

தொடங்குவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

புகைப்படம் எடுங்கள். அதே வடிவத்தில் மறுபடி ஒட்ட நினைத்தால், பெரிய தாளை வைத்து ஓரங்களை வரைந்து, கதவிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். உரித்த பிறகு எந்தக் கோடு எங்கே இருந்தது என்று சத்தியமாக நினைவுக்கு வராது.

சுவரைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். மணல் துகள் ஒன்று சுரண்டியின் அடியில் மாட்டினால் நீளமாக ஒரு கீறல் விழும்.

கேஸ் சிலிண்டரை மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் ஹீட்டருக்கும் வெளிச்சுவரில் காற்றுத் துளைகள் உண்டு, உள்ளே சுடர் எரியலாம். பசையை எடுக்க மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு அதன் அருகே நிற்பது ஆபத்து.

எல்லா ஸ்டிக்கரும் அலங்காரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியின் அடையாள எண், தாங்கும் எடை, டயர் அழுத்தம், கேஸ் எச்சரிக்கை, அவசர வழி ஆகியவற்றைக் காட்டும் லேபிள்களைத் தொடாதீர்கள்.

ஹேர் டிரையர் போதுமா, ஹீட் கன் வேண்டுமா?

முதல் முறை செய்பவர்களுக்கு ஹேர் டிரையர்தான் என் பதில். நேரம் கூடும், ஆனால் சுவரைக் கெடுப்பது கடினம். ஹீட் கன்னின் வாயிலிருந்து 500 டிகிரியைத் தாண்டியும் காற்று வரும். நமக்குத் தேவையானது ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி. சூடாக்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்து ஓரிரு நொடி தாங்க முடிந்தால் சரி, உடனே கையை எடுக்கத் தோன்றினால் அதிகம்.

ஹீட் கன்தான் இருக்கிறது என்றால் குறைந்த அளவில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நின்றால் ஜெல்கோட் கொப்பளிக்கும், சுவரின் அடுக்குகள் பிரியும், ஜன்னலைச் சுற்றி இடைவெளியை அடைத்திருக்கும் சீலன்ட் இளகும். படலத்திலிருந்து புகையோ காரமான நெடியோ வந்தால் பிவிசி கருகுகிறது என்று அர்த்தம். அதை மூச்சில் இழுக்கக் கூடாது. நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள்.

வெயில் நாளாக இருந்தால் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு மணி நேரம் வெயில் பட்ட சுவரில் டிரையர் தேவைப்படாமலே போகலாம். ஆனால் உச்சி வெயிலில் பசை கூழாகி, படலம் மட்டும் வந்து பசை முழுவதும் சுவரில் தங்கிவிடும். குளிர்ந்த காலையிலோ படலம் கண்ணாடி போல உடையும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது, அதைக் கைதான் சொல்லும்.

சரி, உரிப்பது எப்படி?

ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். ஓர் அடி நீளத்தை மட்டும் சூடாக்குங்கள். பிளாஸ்டிக் சுரண்டியாலோ நகத்தாலோ மூலையைக் கிளப்பி, இரண்டு விரலால் பிடித்து, படலத்தை அதன் மேலேயே மடக்கினாற்போல மெதுவாக இழுங்கள்.

வேகம்தான் இதில் சூட்சுமம். மெதுவாக இழுக்கும்போது, படலம் சுவரை விட்டுப் பிரியும் கோட்டை உற்றுப் பாருங்கள். பசை மெல்லிய நூல்களாக நீண்டு, ஒவ்வொன்றாக அறுந்து, படலத்தின் பக்கமே சேரும். அந்த நூல்கள் தெரிந்தால் சூடும் வேகமும் சரி. நூல் இல்லாமல் டக் டக்கென்று விட்டு விட்டுப் பிரிந்தால் சூடு போதவில்லை. பசை முழுக்கச் சுவரிலேயே தங்கினால் சூடு அதிகம், அல்லது இழுப்பு அதிகம். கோணத்தையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் பசை குறைவாகத் தங்குகிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கான கோணம்.

நான் முதலில் உரித்த பட்டை ஒரு கை நீளத்துக்கு அறுபடாமல் வந்தது. அந்த உற்சாகத்தில் அடுத்ததை வேகமாக இழுத்தேன், நடுவில் கிழிந்து மிச்சம் சுவரில் நின்றது. அதை எடுக்க முதல் பட்டையைப் போல நான்கு மடங்கு நேரம் ஆனது. அகலமான ஸ்டிக்கர் என்றால் இரண்டு விரல் அகலக் கீற்றுகளாகப் பிரித்துக்கொள்ளலாம், இழுப்பது சுலபமாகும். ஆனால் கத்தியால் கீறும்போது அது படலத்தோடு நிற்க வேண்டும், ஜெல்கோட்டில் இறங்கினால் அந்தக் கோடு போகாது. கைப்பக்குவம் வரும்வரை கத்தியை எடுக்காமல் இருப்பது நல்லது.

வெடித்துப்போன ஸ்டிக்கர் அரிசி அரிசியாக உதிர்கிறது. என்ன செய்வது?

கோபப்பட்டு இரும்பு பிளேடை எடுத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பிளேடு என்றே தனியாகக் கிடைக்கிறது. சவர பிளேடு வடிவில் இருக்கும், பிடியில் மாட்டிக்கொள்ளலாம். சூடாக்கி, பிளேடைச் சுவரோடு படுத்தவாறு வைத்து, ஒரே திசையில் தள்ளுங்கள். முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கியதை வைத்து அழுத்துவதைவிட அடிக்கடி மாற்றுவதே மேல்.

நீராவியும் நன்றாக உதவும். சுவர்த்தாள் எடுக்கும் நீராவிக் கருவி இருந்தால், அதன் சூடு பரவலாகவும் மிதமாகவும் இருக்கும், ஜெல்கோட் கருகும் பயம் குறைவு. சீலன்ட் ஓரங்களிலும் காற்றுத் துளைகளிலும் மட்டும் காட்ட வேண்டாம்.

இவற்றுக்கும் மசியவில்லை என்றால் ரப்பர் சக்கரம்.

ரப்பர் சக்கரம் பெயிண்டைக் கெடுக்காதா?

கெடுக்கும், தெரியாமல் செய்தால். டிரில்லில் மாட்டும் இந்தச் சக்கரம் பள்ளிக்கூட அழிரப்பர் போல வேலை செய்கிறது. தேய்ந்து உருண்டு, ஸ்டிக்கரையும் பசையையும் சேர்த்துத் துடைத்து எடுக்கும். தேய்க்கும்போது சூடு எழும், அந்தச் சூடுதான் எதிரி. சக்கரத்தின் மேல் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். குறைந்த வேகத்தில் தொடங்கி, அழுத்தாமல், சக்கரத்தின் எடையை மட்டும் விட்டு, இடம் மாறிக்கொண்டே இருங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதியுங்கள்.

ஜெல்கோட்டில் நன்றாக வேலை செய்யும். பழைய அலுமினியத் தகட்டில் மடிப்பின் முகடுகளில்தான் முழு அழுத்தமும் விழும், அங்கே பெயிண்ட் போய்விடும். பிளாஸ்டிக் ஜன்னல், விளக்கு மூடி இவற்றில் வேண்டவே வேண்டாம். பிசிறு எல்லாப் பக்கமும் தெறிக்கும், கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரஷர் வாஷரால் அடித்தால் போய்விடாதா?

வெடித்த படலம் பறக்கத்தான் செய்யும். கூடவே தண்ணீர் ஜன்னல் ஓரத்திலும் மூலை இணைப்பிலும் புகுந்து சுவருக்குள் இறங்கும். கேரவன்கள் அழுகுவது பெரும்பாலும் இப்படிப் புகுந்த தண்ணீரால்தான். வேண்டாம்.

சுவரில் தங்கிய பசையை எதால் எடுப்பது?

ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலிருந்து வரும் லிமோனின் கலந்த பசைநீக்கி எனக்கு நன்றாக உதவியது. மண்ணெண்ணெய், டர்பென்டைனுக்குப் பதிலாக விற்கப்படும் மினரல் ஸ்பிரிட், டபிள்யூடி-40, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இவையும் வேலை செய்யும். எதை எடுத்தாலும் மறைவான இடத்தில் ஒரு சொட்டு விட்டு, சில நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஸ்டிக்கரின் நிறமோ பசையோ துணியில் வந்தால் கவலையில்லை. சுவரின் நிறம் வந்தால் அந்தத் திரவம் வேண்டாம்.

பலர் செய்யும் தவறு, ஊற்றிய உடனே தேய்ப்பது. திரவத்துக்கு ஊற நேரம் வேண்டும். ஆனால் செங்குத்துச் சுவரில் ஊற்றியது வழிந்து ஓடிவிடுமே? துணியை நனைத்துப் பசை மேல் அப்பி, அதன் மேல் சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுங்கள். 10, 15 நிமிடத்தில் பசை வெல்லப்பாகு போல இளகியிருக்கும். பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து எடுங்கள். தேய்த்தால் பரவும், வழித்தால் வரும்.

எண்ணெய்ப்பசை உள்ள எந்தத் திரவமும் ஒரு படலத்தை விட்டுச் செல்லும். சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்த பின் ஆல்கஹாலால் துடைத்து முடியுங்கள். கையுறை போடுங்கள், நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். இந்தத் திரவங்களில் பலவும் தீப்பற்றக்கூடியவை, சுவர் ஈரமாக இருக்கும்போது ஹீட் கன்னைத் தொடவே கூடாது.

எதையெல்லாம் தொடவே கூடாது?

பெயிண்ட் உள்ள சுவரில் அசிட்டோனும் தின்னரும் கூடாது, நகப்பூச்சு நீக்கியும் பெரும்பாலும் அசிட்டோன்தான். அடுப்பு சுத்தம் செய்யும் காரத் திரவத்தைச் சிலர் சொல்வார்கள், அது அலுமினியத்தை அரிக்கும். இரும்புக் கம்பி நாரின் துகள் சுவரில் தங்கித் துருப்பிடிக்கும், பழுப்புப் புள்ளிகள் விழும்.

கூரை ரப்பராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. ஈபிடிஎம் ரப்பர் கூரைக்குப் பெட்ரோலிய வகைத் திரவமும் சிட்ரஸ் வகைத் திரவமும் ஆகாது. சுவரின் மேல் ஓரத்தில் வேலை செய்யும்போது கூரையின் விளிம்பை மூடிவிடுங்கள்.

ஜன்னலில் ஒட்டியதை எடுக்கலாமா?

கண்ணாடி என்றால் பிளேடே போதும். பல கேரவன்களில் ஜன்னல் அக்ரிலிக். அதில் ஆல்கஹால் பட்டால்கூட உள்ளே நுண்ணிய விரிசல் வலை விழலாம், அசிட்டோன் பட்டால் நிச்சயம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், கொஞ்சம் சமையல் எண்ணெய், விரல் நகம், பொறுமை. அவ்வளவுதான்.

எல்லாம் எடுத்தாயிற்று, ஆனால் ஸ்டிக்கரின் நிழல் அப்படியே தெரிகிறதே?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த சுவர் வெயிலே பார்க்காதது. அது புதிதாக, பளபளப்பாக இருக்கிறது. சுற்றியுள்ள சுவர்தான் வெளுத்து, சுண்ணாம்பு பூத்திருக்கிறது. விரலால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும். ஆகவே நீங்கள் சரிசெய்ய வேண்டியது நிழலை அல்ல, அதைச் சுற்றியுள்ள சுவரை.

ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில், நிழலும் சுற்றுப்புறமும் சேர்ந்து வரும்படி, காம்பவுண்ட் (மேல்தோலை மெல்லத் தேய்த்து எடுக்கும் பாலிஷ் பசை) போட்டுப் பார்க்கலாம். ஆடி ஆடிச் சுழலும் பாலிஷ் மெஷின் இருந்தால் நல்லது. இறந்த மேல்தோல் போய் நிறம் திரும்பும். போதாவிட்டால், ஜெல்கோட்டில் மட்டும், 1500, பிறகு 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி காம்பவுண்ட். மெல்லிய பெயிண்ட் உள்ள சுவரில் உப்புத்தாள் வேண்டாம். முடிவில் வாக்ஸ் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் திறந்து விட்ட புதுத்தோல் விரைவிலேயே மறுபடி சுண்ணாம்பு பூக்கும்.

வெள்ளைச் சுவரில் நிழல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போய்விடும். அடர்ந்த நிறங்களில் முழுதாகப் போவது அரிது. சுற்றியுள்ள ஜெல்கோட் வெயிலில் தேய்ந்து இறங்கியிருந்தால், ஸ்டிக்கர் இருந்த இடம் மேடாகவே நிற்கும். என் வண்டியின் பின்புறத்தில் பழைய பெயரின் எழுத்துகள் நாள் முழுவதும் தெரியாது. சாயங்கால வெயில் சுவரில் சாய்ந்து விழும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுந்து நிற்கும். மூன்று முறை காம்பவுண்ட் போட்டும் அது அப்படியே இருந்தது. இன்னும் தேய்த்தால் ஜெல்கோட் தீர்ந்து அடியிலுள்ள நார் தெரிந்துவிடும் என்பதால் அதோடு விட்டேன்.

உரித்தபின் அடியில் ஓட்டையோ விரிசலோ தெரிந்தால்?

அது நடக்கக்கூடியதுதான். பழுது பார்த்த இடத்தை ஸ்டிக்கரால் மறைப்பது பழைய வழக்கம். விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று முதலில் உள்பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஈரமோ மென்மையோ இல்லையென்றால், மழை வருமுன் அடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம்.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

நன்றாக உரியும் ஸ்டிக்கர் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். வெடித்தது என்றால் அதே பக்கத்துக்கு மூன்று, நான்கு நாள்கூட ஆகும். ஏணியில் நின்று கையைத் தூக்கியபடி செய்யும் வேலை இது, தோள் வலிக்கும். வலிக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். களைத்த கைதான் ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்துகிறது.

பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டலாமா, பெயிண்ட் அடிக்கலாமா?

கூடாது. வெடிப்பும் ஓரமும் மேலே அப்படியே தெரியும். அடியில் உள்ளது சுருங்கிக்கொண்டே போகும், மேலே உள்ளதையும் இழுத்துக் கிழிக்கும்.

நிழல் போகவில்லை. புது ஸ்டிக்கரால் மறைக்கலாமா, எப்போது ஒட்டலாம்?

மறைக்கலாம், நல்ல வழியும்கூட. பழைய நிழலைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக வரும்படி வடிவமைக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் வரைந்து வைத்த தாள் இப்போது கைகொடுக்கும்.

ஒட்டப் போகும் இடத்தில் வாக்ஸ் இருக்கக் கூடாது, பசை பிடிக்காது. முதலில் காம்பவுண்ட், பிறகு ஆல்கஹாலால் துடைத்தல், பிறகு புது ஸ்டிக்கர். அதன் ஓரம் வரை வாக்ஸ் போடுவது கடைசியில்தான். புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவர் என்றால் பெயிண்ட் முழுதாக இறுகும்வரை காத்திருங்கள், எத்தனை நாள் என்பது பெயிண்ட் டப்பாவிலேயே போட்டிருக்கும். அவசரப்பட்டு ஒட்டினால் பெயிண்டிலிருந்து வெளியேறும் ஆவி அடியில் மாட்டிக்கொண்டு கொப்புளம் கொப்புளமாக எழும், மறுபடி உரிக்க வேண்டி வரும்.